மாடத்திலிருந்து பார்த்த வாய்

மூன்றாவது மசோதாவுக்கு வரட்டும், வந்துதானே ஆகவேண்டும், சந்தைக் கடைகளைப் பற்றியே எவ்வளவு நேரம்தான் பேசிவிட முடியும் அப்பாவால், என்று நினைத்தபடி முன் நாற்காலியின் முதுகில் காய்ந்து ஒட்டியிருக்கும் கேசரியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று இந்த மண்டபத்தில் யாருக்கோ கல்யாணம். மேடைத் திரையில் தெர்மகோல் இதயம் ஒன்று இன்னும் கழற்றாமல் இருக்கிறது, அதில் பாதியை மறைத்துக்கொண்டு பேனர்: ‘சட்டமன்றத்தில் நான் என்ன செய்தேன்? உங்கள் எம்.எல்.ஏ. தவசிமணி உங்களுக்குப் பதில் சொல்கிறார்.’ அந்த வாசகம் என்னுடையது. வாசகம் மட்டுமா, இந்தக் கூட்டமே என்னுடையது. அப்பா ஜெயித்த புதிதில், விடுதியிலிருந்து லீவுக்கு வந்த நான், தட்டில் சோறு ஆற ஆறச் சண்டை பிடித்தேன். ஓட்டுக் கேட்க வீடு வீடாக வருகிறீர்கள், உள்ளே போய் எதற்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று சொல்ல மட்டும் ஏன் ஒருத்தரும் வருவதில்லை, அனுப்பி வைத்தவர்களுக்கு அது தெரிய வேண்டாமா, என்று. அரசியல் அறிவியல் எம்.ஏ., அதுவும் முதல் வருஷம்; தண்ணீர் குடிப்பதற்குக்கூட அப்போது என்னிடம் ஒரு வாதம் இருந்தது. அப்பா ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். “குருவு, உன் மக என்னையக் கூண்டுல ஏத்துறா பாரு” என்று அம்மாவிடம் சொன்னார். ஆனால் செய்தார். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்த பிறகும் ஜனங்களைக் கூட்டி உட்காரவைத்து, இந்த மசோதாவுக்கு ஆம் என்றேன், அதற்கு இல்லை என்றேன், ஏனென்றால் இதனால், என்று சொல்கிற எம்.எல்.ஏ. இந்தப் பக்கத்தில் அப்பா ஒருத்தர்தான். பல்கலைக்கழக கேன்டீனில் இதைச் சொல்லிச் சொல்லி என் தோழிகளின் காதைப் புளிக்கவைத்திருக்கிறேன். எங்கப்பா மற்ற அரசியல்வாதி மாதிரி இல்லைடி. எத்தனை பெண்கள் இப்படிச் சொல்லியிருப்பார்கள், எத்தனை ஊரில், எத்தனை அப்பாக்களைப் பற்றி. என் தோளில் சீனியம்மா தூங்குகிறாள். ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறாள், தலைமுடியில் பஞ்சு, காதோரம் பஞ்சு, புருவத்தில்கூட. பழைய மில் லைன் வீட்டில் எங்களுக்கு அடுத்த கதவு அவளுடையது. அம்மா பகல் ஷிப்டுக்குப் போன நாட்களில் எனக்குச் சோறு ஊட்டியவள். இந்த மண்டபத்தில் பாதி பேர் அப்படித்தான், மில் பெண்கள், ஒரு ஷிப்டை முடித்துவிட்டோ இன்னொரு ஷிப்டுக்கு முன்போ வந்தவர்கள், அவர்களுக்குச் சந்தைக் கடை மசோதா எதற்கு, அவர்கள் வந்தது மூன்றாவதுக்கு, அது அப்பாவுக்கும் தெரியும், தெரிந்துதான் இழுக்கிறார்.

இரண்டாவதுக்கு வந்துவிட்டார். கூட்டுறவுச் சங்கத் தேர்தல். “இதுல நான் ஆம்னு சொன்னேன், தயங்காமச் சொன்னேன்.” அந்தச் சொல் அப்பாவின் வாயில் வரும்போது என் நகம் கேசரியில் நின்றுவிடுகிறது. ஆம். எத்தனை சாதாரணமான சொல். வாய் திறக்கிறது, தாடை இறங்குகிறது, பிறகு உதடுகள் இரண்டும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அன்றைக்கு நான் பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். அப்பாதான் பாஸ் வாங்கித் தந்தார், அப்பாதான் வரச் சொன்னார், வந்து பாரு கண்ணு, உன் அப்பன் உள்ளே என்ன பண்றான்னு பாரு என்று. வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், உள்ளே நின்ற காவலர் என் காதருகே குனிந்து, “கால் மேல கால் போடக் கூடாதும்மா, எட்டிப் பாக்கக் கூடாது, கை தட்டக் கூடாது” என்றார். சரி சார், மூச்சு விடலாமா என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன். கூட்டத்தொடரின் கடைசி நாள். மசோதாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அப்பா பின்வரிசையில், தூணுக்கு இந்தப் பக்கம், வெள்ளைச் சட்டையில் ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார். ஒருமுறை நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தார், என்னைக் கண்டுபிடித்துவிட்டார், துண்டைச் சரிசெய்துகொண்டார். நான் சிரித்தேன். எனக்கு அப்போது எதுவும் தெரியாதே. முந்தின நாள்தான் எங்கள் கட்சித் தலைவர் அறிக்கை விட்டிருந்தார், ஆலைத் தொழிலாளர் வேலை நேர மசோதாவை எங்கள் கட்சி கடுமையாக எதிர்க்கிறது என்று. ஆளுங்கட்சிக் கூட்டணியில் ரொம்பச் சின்னக் கட்சி, சபையில் நாலே பேர், ஆனாலும் எதிர்க்கிறோம் என்று. தொழிலாளியின் விருப்பத்தின் பேரில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம் என்கிற மசோதா அது. விருப்பத்தின் பேரில்! அந்த இரண்டு சொல்லுக்காகவே நான் செமினாரில் ஒரு மணி நேரம் கத்தியிருக்கிறேன். மேஸ்திரி முன்னால் நிற்கிறவளுக்கு விருப்பம் என்று ஒன்று எங்கிருந்து வரும்? அமைச்சர் முன்மொழிந்தார். பேரவைத் தலைவர் ஒரே மூச்சில், ஏற்போர் ஆம் என்க, என்றார். ஆம் என்று ஒரு இரைச்சல் எழுந்தது, மழை தகரத்தில் விழுகிற மாதிரி, அதில் யாருடைய துளி எது என்று சொல்ல முடியாது. ஆனால் நான் இரைச்சலைக் கேட்கவில்லை. நான் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்தது. தாடை இறங்கியது. உதடுகள் ஒட்டிக்கொண்டன. மறுப்போர் இல்லை என்க, என்றபோது அந்த வாய் மூடியே இருந்தது. அப்பா மேஜையில் எதையோ நகர்த்திக்கொண்டிருந்தார். மேலே பார்க்கவில்லை. அதன் பிறகு ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை.

நீ தப்பாகப் பார்த்திருக்கலாம் அரசி, என்று எனக்கு நானே எதிர்வாதம் செய்து பார்த்துவிட்டேன். தூரம். வெளிச்சம். கொட்டாவி விட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஊருக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் என் வாயைப் பார்த்துக்கொண்டே ஆம், இல்லை, ஆம், இல்லை என்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன், பக்கத்து சீட்டு அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். இல்லை என்று சொன்னால் உதடு மூடாது. எத்தனை முறை சொன்னாலும் மூடாது. வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் இதை விட்டுவிடலாம். ஆனால் இந்த ஊரில் இது ஒரு பெரிய வித்தையே இல்லையே. ஸ்பின்னிங் ஓடுகிற கூடத்துக்குள் நின்று பார்த்தால் தெரியும், பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் கேட்காது, அதனால் இங்கே பெண்கள் வாயைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், நாலு மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்பவளிடம் நேற்றைய குழம்பிலிருந்து மாமியார் வசவு வரை ஒரு சத்தம் இல்லாமல் சொல்லி முடிப்பார்கள். அப்பாவே ஒரு காலத்தில் அதே மில்லில் ஃபிட்டர். அம்மாவிடம் முதல்முதலில் சொன்னது “சாப்டியா” என்பதுதானாம், மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வாயை மட்டும் அசைத்து. அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் வெட்கப்படுவாள். நான் அந்த வீட்டில் வளர்ந்தவள். அப்பா ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும்போது அம்மாவும் நானும் வாயசைத்தே சண்டை போட்டிருக்கிறோம், வாயசைத்தே சமாதானமாகியிருக்கிறோம். பேசப் படிப்பதற்கு முன் எனக்கு இது வந்துவிட்டது என்பாள் சீனியம்மா. அப்படிப்பட்டவளை மாடத்தில் உட்காரவைத்துவிட்டு, அந்தப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு. மறந்துவிட்டாரா? மறக்கக்கூடியதா இது? இல்லை, நான் பார்த்தாலும் என்ன செய்துவிடுவேன், நான் அவருடைய பெண்தானே, என்ற தைரியமா? இந்த இடத்தில்தான் என் யோசனை ஒவ்வொரு தடவையும் முள்ளில் சேலை மாட்டின மாதிரி நின்றுவிடுகிறது. வந்த அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள், மில் பஞ்சு போகாத நெஞ்சு அது, ஒவ்வொரு பேச்சுக்கு முன்னாலும் ஒரு மூச்சு வாங்க வேண்டும். பிறகு, “நீ பாத்தது உன்னோட இருக்கட்டும்” என்றாள். என்னம்மா சொல்றே, நீ நின்னு தேஞ்ச மில்லும்மா அது, என்றேன். “அதுக்கு? உங்கப்பாவுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு?” அவ்வளவுதான். வெங்காயத்தோல் பறந்தது. அவளுக்கு என் வார்த்தையில் சந்தேகமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. பொய் சொல்லாதேடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சந்தோஷமாகச் சண்டை போட்டிருப்பேன்.

நியாயமாகவே இருப்போம். அப்பாவின் பக்கத்தை நானே வாதாடுகிறேன். நாலு பேர் இல்லை என்றிருந்தால் மசோதா தோற்றிருக்குமா? தோற்றிருக்காது. வெளியில் அறிக்கை என்ன சொன்னாலும் உள்ளே கூட்டணிக் கட்டுப்பாடு என்று ஒன்று உண்டா இல்லையா? உண்டு. மீறினால் அடுத்த முறை சீட்டு உண்டா? இல்லை. சரி, அப்படியானால் இங்கே இந்த மேடையில் நின்று, ஜனங்களே, எனக்கு மனசில்லை, ஆனால் கட்சி சொன்னது, நான் ஆம் என்றேன், என்று சொல்லட்டும். அதற்குத்தானே இந்தக் கூட்டம். அப்படிச் சொன்னால் நானே எழுந்து நின்று கை தட்டுவேன், இங்கே கை தட்டினால் கேட்கக் காவலர் யாரும் இல்லை. ஆம் என்றதைக்கூட நான் மன்னித்து வைத்திருக்கிறேன், சத்தியமாக, இன்று காலை பல் தேய்க்கும்போது மன்னித்தேன். இதோ மூன்றாவதுக்கு வந்துவிட்டார். குரல் மாறுகிறது. எனக்கு இந்தக் குரல் தெரியும், தேர்தல் சமயத்தில் இருட்டுகிற நேரத்தில் லைன் வீட்டு வாசலில் வரும் குரல். சீனியம்மா தோளிலிருந்து தலையைத் தூக்குகிறாள், வாயோரத்தைத் துடைத்துக்கொள்கிறாள். மண்டபம் முழுக்க நாற்காலிகள் நிமிர்ந்து உட்காருகிற சத்தம். “தாய்மார்களே, நானும் அதே பஞ்சைத் தின்னு வளந்தவன். எட்டு மணி நேரத்துக்கே உடம்பு என்ன பாடு படும்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அன்னைக்கு அந்தச் சபையில நான் இல்லைன்னு சொன்னேன். முணுமுணுக்கலை, ஓங்கிச் சொன்னேன். ஆனா அத்தனை பேரு ஆம்ங்கிற எடத்துல நம்ம நாலு பேரு சத்தம் எங்க கேக்கும்?” கை தட்டுகிறார்கள். சீனியம்மாவும் தட்டுகிறாள். எனக்குக் கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, கேசரி நகத்துக்குள் போய் வலிக்கிறது. இதைத்தான் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்தும் சொல்லாமல் விட்டுவிடுவார் என்று நினைத்திருக்கிறேன், காலையில் மன்னித்ததெல்லாம் அந்த நினைப்பில்தான். இல்லை என்று சொன்னாராம். அந்தச் சொல்லைச் சொல்லும்போது பார்த்தேன், இந்த மசோதாவுக்கு இப்போதுதான் முதல்முறையாக அந்த வாய் அந்தச் சொல்லைச் சொல்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் எழுந்து வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்று அழுதிருப்பேன், அவ்வளவுதான். நிறுத்தவில்லை. “திங்கக்கிழமை மில்லுல உங்ககிட்டச் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்குவாங்க. ஒருத்தரும் போடாதீங்க. வேலைய விட்டு நிறுத்துவேன்னு மெரட்டுவாங்க, பயப்படாதீங்க. தவசிமணி இருக்கான். அங்கேயும் உங்களுக்காகத்தான் நின்னேன், இங்கேயும் நிப்பேன்.”

இருக்கிறாரா? எங்கே இருக்கிறார்? திங்கட்கிழமை காலை மில் கேட்டில் சீனியம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்பாள், அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் மாட்டேன் என்பார்கள், அன்றைக்கே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே நிறுத்துவார்கள், அப்போது அப்பாவின் போன் பிஸியாக இருக்கும். எனக்கு அது இப்போதே கேட்கிறது. நீங்கள் அழைக்கும் நபர். சபையில் நின்ற மாதிரியே நிற்பார், பின்வரிசையில், மேஜையில் எதையோ நகர்த்திக்கொண்டு. சொல்லிவிடலாமா சீனியம்மா காதில் மட்டும்? காதில் சொன்னால் புரளி, எழுந்து சொன்னால் துரோகம், சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் என்ன பெயர் அதற்கு, நல்ல பெண் என்று பெயர். மில்லிலிருந்து துரத்தினால் இவள் எங்கே போவாள், வயசு நாற்பத்தெட்டு, மூட்டு வீக்கம், வேறு வேலை தெரியாது. நான் எழுந்திருக்க நினைக்கிறேன், நாற்காலியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறேன், என் உடம்பில் எது எம்.ஏ. படித்தது, வாய் மட்டும்தானா. அதற்குள் சீனியம்மாவே எழுந்துவிட்டாள். “அண்ணாச்சி, ஒண்ணு கேக்கலாமா?” அப்பா முகம் மலர்கிறது. “கேளு சீனி, நீ கேக்காம யாரு கேக்குறது?” என்கிறார். “போன வாரம் எதிர்க்கட்சிக்காரரு வந்தாரு, எதுத்தேன்னாரு. ஆளுங்கட்சி ஒன்றியம் வந்தாரு, எங்களுக்கும் மனசில்லைன்னாரு. நீங்களும் எதுத்தேங்கிறீக. எல்லாரும் எதுத்தா அப்ப யாருதான் அண்ணாச்சி ஆம்னது? பேயா?” மண்டபம் வெடித்துச் சிரிக்கிறது. அப்பாவும் சிரிக்கிறார், என் அப்பா அழகாகச் சிரிப்பார், தலையைப் பின்னுக்குச் சாய்த்து. “குரல் வாக்கெடுப்பும்மா அது. யாரு என்ன சொன்னாகன்னு பதிவாகாது.” “அதான் கேக்கேன். நாங்க மாட்டோம்னு நின்னா வெளிய தள்ளிருவான். ஒங்களை நம்பித்தான் நிக்கணும். நீங்க நின்னீகன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கோவிச்சுக்கிடாதீக.” சிரிப்பு அடங்கிவிட்டது. அப்பா கூட்டத்தைப் பார்க்கிறார், அம்மா உட்கார்ந்திருக்கிற முன்வரிசையைப் பார்க்கிறார், பிறகு அவர் கண் மெதுவாக வந்து என் மேல் நிற்கிறது, அந்தப் பார்வையில் ஒரு துளி பயம்கூட இல்லை, நான் தேடிவிட்டேன், இல்லை. “சாட்சி இருக்கு சீனி. உன் பக்கத்துலயே உக்காந்திருக்கு. என் மக மாதரசி அன்னைக்கு மேல மாடத்துலதான் இருந்தா. நம்ம மில்லுக்காரி பெத்த பொண்ணு, வாயப் பாத்தே பேச்சச் சொல்லிரும், உங்களுக்கே தெரியும். நான் சொன்னா நம்ப வேண்டாம். அவ சொல்லட்டும்.”

ஆக, மறக்கவில்லை. நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்து, அதையே எடுத்து, அம்மாவும் சீனியம்மாவும் எனக்குக் கொடுத்த இந்த ஒன்றையே எடுத்து, என் கையில் கொடுத்து இவர்களை நம்பவை என்கிறார். கைதட்டல் மறுபடி. எங்கள் கட்சி ஒன்றியச் செயலாளர் காளிராஜ் மைக்கை எடுத்துக்கொண்டு நடு வழியில் வருகிறார், வயர் நாற்காலிக் காலில் மாட்டுகிறது, உதறுகிறார், வருகிறார், சந்தன வாசனையும் வியர்வையும். “பாப்பா, ஒத்த வார்த்தை சொல்லிட்டு உக்காரு, சாம்பார் ஆறுது.” என் பெயருக்கு யார் யாரோ திரும்புகிறார்கள். ஒத்த வார்த்தைதான், காளிராஜ் மாமா, இந்த ஊரில் எல்லாமே ஒத்த வார்த்தைதான். மைக் கனமாக இருக்கிறது. யாரோ பிடித்த சூடு அதில் இன்னும் இருக்கிறது, அப்பாவின் சூடா, காளிராஜின் சூடா. இல்லைன்னு சொன்னாங்க, என்று சொல்வது எவ்வளவு சுலபம். சாயங்காலம் அப்பா அல்வா வாங்கி வருவார். அடுத்த கூட்டத்துக்கும் வாசகம் எழுதச் சொல்வார். நான் சைக்கிள் பழகிய காலத்தில் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வருவார், பிடித்துக்கொண்டிருக்கிறேன் கண்ணு, பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பார், அவர் விட்டு ரொம்ப நேரம் ஆகியிருக்கும், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோமே, அது ஏன் இப்போது வேறு மாதிரி இருக்கிறது. முன்வரிசையில் அம்மா திரும்பிவிட்டாள். உடம்பு முழுவதும் திரும்பி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் என்று நினைத்து, வாயை அசைக்கிறாள். வேண்டாம். ரொம்பத் தெளிவாக, பழைய பழக்கத்தில், மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்பவளுக்குச் சொல்கிற மாதிரி, வேண்டாம் அரசி, வேண்டாம். ஐயோ அம்மா. இது நம்ம வீடு இல்லையே. உனக்கும் எனக்கும் நடுவில் எத்தனை வரிசை, எத்தனை மில் பெண்கள், எல்லாரும் உன் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாக அந்தச் சொல் அவர்களுக்குள் போவதை நான் பார்க்கிறேன். ஒருத்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்கிறாள். ஒருத்தி மடியிலிருந்த பிள்ளையை இறக்கி விடுகிறாள். மேடையில் இருக்கிற கட்சிக்காரர்களுக்கு அம்மாவின் பின்னந்தலை மட்டும்தான் தெரிகிறது, பூவும் கொண்டையும், அவர்கள் சிரித்தபடியே இருக்கிறார்கள். “ஏ குருவு” என்கிறாள் சீனியம்மா, என் பக்கத்தில் நின்றபடி, மைக் இல்லாமல், ஆனால் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, “எதை வேண்டாங்கிற?”

அம்மா வாயைக் கையால் பொத்திக்கொள்கிறாள். இனி நான் சொல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அரைகுறையாக, அம்மாவின் தலையில் விழுகிற மாதிரி தெரிந்துவிட்டது. ஆக அதற்காகவாவது சொல்ல வேண்டும், இல்லை, பொய், அதற்காக இல்லை, அப்பா என்னைச் சாட்சி என்று கூப்பிட்டதற்காக, அதற்காகவும் இல்லை, திங்கட்கிழமைக்காக. “அப்பா ஆம்னுதான் சொன்னாங்க” என்கிறேன். ஸ்பீக்கரில் என் குரல் யாரோ பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருக்கிறது. “இல்லைன்னு சொல்லல. நான் பாத்தேன்.” இதற்கு மேல் எத்தனையோ வைத்திருந்தேன், விருப்பம் என்பது என்ன, பதிவாகாத ஓட்டு ஓட்டா, என்றெல்லாம், ஒன்றும் வரவில்லை. காளிராஜ் என் கையைப் பிடிக்க வந்து பாதியில் நிற்கிறார். “சின்னப் புள்ள, தூரத்துலேர்ந்து...” என்று மேடையில் ஒருவர் ஆரம்பிக்கிறார், யாரும் அவரைப் பார்க்கவில்லை. சீனியம்மா அப்பாவைத்தான் பார்க்கிறாள். “அண்ணாச்சி. ஒங்க மக சொல்றது நெசமா, பொய்யா?” பொய் என்று சொல்லிவிடுங்கள் அப்பா, என்று எனக்குள் ஒருத்தி கெஞ்சுகிறாள், யார் இவள், பொய் என்று சொல்லி என்னை இவர்கள் முன்னால் பைத்தியக்காரி ஆக்கிவிடுங்கள், நான் உங்களை நிம்மதியாக வெறுத்துக்கொள்வேன். அப்பா துண்டைச் சரிசெய்கிறார். அவருடைய உதடு காய்ந்திருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது. “கட்சி முடிவும்மா” என்கிறார். “வெளியில எதிர்ப்போம்னு அறிக்கை குடுத்தாச்சு. உள்ள கூட்டணி. நாலு பேரு என்ன செஞ்சிர முடியும்?” யாரும் கத்தவில்லை. நான் கத்துவார்கள் என்று நினைத்தேன், நாற்காலி பறக்கும், ஒழிக என்பார்கள் என்று. சீனியம்மா தலையை ஆட்டிக்கொள்கிறாள், வீட்டு வரி ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டவள் மாதிரி. “ஒண்ணும் செய்ய முடியலைன்னு சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி. நாங்க என்ன வைவோமா? எங்க பாட்ட நாங்க பாத்திருப்போம். நிக்கேன்னு சொல்லி எங்களை மில்லு கேட்டு முன்னால நிறுத்தப் பாத்தீகளே. அதுக்குப் பெத்த புள்ளைய வேற கூப்டீகளே.” அப்பா மேடையிலிருந்து இறங்கி வருகிறார். நடு வழியில், வயரைத் தாண்டி, என் முன்னால் வந்து நிற்கிறார், இவ்வளவு பக்கத்தில் அவர் கிழவராக இருக்கிறார், கோபம் இல்லை, அடிக்கப்போவதும் இல்லை, நான் சாப்பாட்டுத் தட்டோடு சண்டை பிடித்த அதே முகம். கையை நீட்டுகிறார். “மைக்கைக் குடு கண்ணு” என்கிறார், ரொம்ப மெதுவாக, வீட்டில் பேசுகிற குரலில், “அப்பா பேசிக்கிறேன்.” பேசிக்கொள்வார். எனக்குத் தெரியும். அவரிடம் கொடுத்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர்களில் பாதி பேர் அழுவார்கள், மீதி பேர் சாப்பிடப் போவார்கள். நான் மைக்கைச் சீனியம்மா பக்கம் நீட்டுகிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள், அப்பாவின் நீட்டிய வெறுங்கையைப் பார்க்கிறாள், வாங்கிக்கொள்கிறாள். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் தாடையில் இடித்துக்கொள்கிறாள். “நமக்கு யாரும் நிக்கல, தெரிஞ்சுபோச்சு” என்கிறாள் மண்டபத்தைப் பார்த்து. “இப்பச் சொல்லுங்க. திங்கக்கிழமை கையெழுத்துப் போட மாட்டேங்கிறவுக யாரு யாரு? ஒண்ணாச் சேந்து கத்தாதீக. ஒவ்வொருத்தியா எந்திரிச்சு, பேரச் சொல்லுங்க.” ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மின்விசிறி சுற்றுகிறது, சமையல் கூடத்தில் யாரோ அண்டாவை இழுக்கிறார்கள், சீனியம்மா காத்திருக்கிறாள், மைக்கில் அவள் மூச்சு கேட்கிறது. பிறகு எங்கோ பின்னால் ஒரு நாற்காலி தரையில் உரசி நகரும் சத்தம். யார் என்று நான் திரும்பவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவர் கை இன்னும் எனக்கு நேராக நீண்டபடிதான் இருக்கிறது.